பாஸ்போர்ட்டின் முதல் ஜோடி

"ரெண்டு பேரும் கொஞ்சம் நெருங்கி நில்லுங்க."

நெருங்கினார்கள். அவர்களுக்கு நடுவில் ஒரு சைக்கிள் தாராளமாகப் போய்வரலாம்.

"இன்னும் கொஞ்சம்."

இப்போது சைக்கிளை ஓட்டிக்கொண்டு போக முடியாது. உருட்டிக்கொண்டு போகலாம்.

பாஸ்போர்ட் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். ஐந்தாக இன்னும் பத்து நிமிடம். ஆறு பத்துக்கு ஏரியின் அக்கரை மரங்களுக்குப் பின்னால் சூரியன் இறங்கிவிடும். அதற்குப் பிறகு என்ன எடுத்தாலும் இரண்டு கறுப்பு உருவங்கள்தான் விழும். அதை எந்தக் குடும்பமும் ஆல்பத்தில் ஒட்டாது.

பாஸ்போர்ட் என்பது அவருடைய பெயர் இல்லை. பதினொரு வருடமாக ஸ்டுடியோவின் முன்னறையில், வெள்ளைத் திரைக்கு முன்னால் ஒரு ஸ்டூலைப் போட்டுப் பாஸ்போர்ட் படம் மட்டுமே எடுத்துக்கொண்டிருந்ததால் ஒட்டிக்கொண்ட பட்டம். பெற்றவர்கள் வைத்த பெயர் சம்பளப் பட்டியலில் பத்திரமாக இருக்கிறது. 'முகத்தை நேரா வைங்க, கண்ணைச் சிமிட்டாதீங்க, சிரிக்காதீங்க, அசையாதீங்க.' இந்த நாலு வார்த்தையில்தான் இத்தனை வருடமாக அவர் வீட்டில் அடுப்பு எரிந்தது.

இப்போது எல்லாரும் அந்தப் படத்தை வீட்டுச் சுவரில் சாய்ந்துகொண்டு செல்போனிலேயே எடுத்துக்கொள்கிறார்கள். மாதக் கடைசியோடு முன்னறையை மூடப்போவதாக ஸ்டுடியோ முதலாளி மேடம் போன வாரம் சொல்லிவிட்டார். பாஸ்போர்ட்டுக்கு ஐந்து நாளாகத் தூக்கம் இல்லை.

அந்த நேரத்தில்தான், வெளியிடங்களில் ஜோடிப் படம் எடுக்கும் சீனியர் இன்று காலை ஷூ லேஸ் கட்டக் குனிந்தவர் நிமிரவில்லை. இடுப்புப் பிடிப்பு. அப்படியே குனிந்த வாக்கிலேயே ஆஸ்பத்திரிக்குப் போனார்.

"நீங்க போங்க பாஸ்போர்ட்," என்றார் மேடம். "கல்யாணத்துக்கு முந்தி எடுக்கற ஜோடிப் படம். பெரிய எடம். இது நல்லா வந்துச்சுன்னா அடுத்த மாசத்துலேருந்து நீங்க அவுட்டோர் டீம். வரலைன்னா, நான் என்ன சொல்லணும்னு உங்களுக்கே தெரியும்."

தெரியும். நன்றாகவே தெரியும்.

கிளம்பும்போது மனைவி கேமராப் பையின் வாரைச் சரிசெய்துவிட்டுக் கையெடுத்துக் கும்பிட்டாள். "உங்களுக்குப் புண்ணியமாப் போகும். யாரையும் அசையாதீங்கன்னு மட்டும் சொல்லிடாதீங்க."

மேடம் எதையும் எழுதித் திட்டம் போட்டுத்தான் செய்வார். இந்தப் படப்பிடிப்புக்கும் நாலு பக்கத் திட்டம் எழுதி, நாலு படமாக ஜோடிக்கும் இவருக்கும் செல்போனில் அனுப்பியிருந்தார். இரண்டாம் பக்கம் திறந்தது. மூன்றும் நாலும் திறந்தன. முதல் பக்கம் மட்டும் திறக்காமல், பஸ்ஸில் வரும்போதும் சுற்றிக்கொண்டே இருந்தது, ஏரிக்கரையில் இறங்கின பிறகும் சுற்றிக்கொண்டே இருந்தது. பாஸ்போர்ட் அலட்டிக்கொள்ளவில்லை. முதல் பக்கத்தில் என்ன இருந்துவிடப் போகிறது? ஸ்டுடியோ முத்திரை, வணக்கம், விலாசம். அவர் இதுவரை பார்த்த எந்தப் படிவத்திலும் முதல் பக்கத்தில் உருப்படியாக ஒன்றும் இருந்ததில்லை.

இரண்டாம் பக்கத்தில் 'படகுத்துறைக்குப் பக்கத்து பெஞ்ச்' என்று தெளிவாகப் போட்டிருந்தது. அங்கே ஆளுக்கொரு ஓரமாக இரண்டு பேர் உட்கார்ந்திருந்தார்கள். நீலச்சட்டை போட்ட ஒருவர், சட்டைப் பையில் இரண்டு பேனா. மஞ்சள் உடையில் ஒரு பெண், மடியில் கைப்பை. இவர் கேமராவோடு வருவதைப் பார்த்ததும் நீலச்சட்டை எழுந்தார்.

"ஸ்டுடியோலேருந்து வர்றீங்களா? நாங்கதான் சார். எங்க நிக்கணும்?"

அவ்வளவு சுலபமாக ஆரம்பித்த காரியம் இது.

"சரி, நெத்தியோட நெத்தி வைங்க," என்றார் பாஸ்போர்ட், இரண்டாம் பக்கத்தைப் பார்த்து.

நீலச்சட்டை திகைத்தார். "இதெல்லாம் எதுக்கு சார்? சும்மா நின்னா பத்தாதா?"

"எங்கள நிக்க மட்டும்தான் சொன்னாங்க," என்றாள் மஞ்சள் உடைக்காரி.

'கூச்சம்' என்று முடிவுகட்டினார் பாஸ்போர்ட். "ஆரம்பத்துல எல்லாருக்கும் இப்படித்தான் இருக்கும் மேடம். போகப் போகப் பழகிடும்."

நெற்றிகள் சேர்ந்தன. மூக்குக்கண்ணாடிகள் அதற்கு முன்பே சேர்ந்து 'டக்' என்றன. கண்ணாடியைக் கழற்றச் சொன்னார். கழற்றினால் நீலச்சட்டைக்கு எதிரில் இருப்பது பெண்ணா மரமா என்று தெரியவில்லை. கண்ணைச் சுருக்கிக்கொண்டு அவளை முறைத்தார். அவள் பதிலுக்கு முறைத்தாள். கண்ணை மூடச் சொன்னார். மூடினார்கள். இப்போது இரண்டு பேருக்கும் ஒரே சமயத்தில் தலைவலி வந்த மாதிரி இருந்தது.

செல்போன் அடித்தது. மேடம்.

"என்ன பாஸ்போர்ட், முதல் பக்கத்துல இருக்கறபடி எல்லாம் நடக்குதா?"

"நடக்குது மேடம்."

"அதுல மட்டும் கோட்டை விட்டுடாதீங்க. நான் எழுதினதுலயே அதுதான் முக்கியம்."

"சேச்சே. விடுவேனா மேடம்?"

ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். 'மேடம், முதல் பக்கம் திறக்கல, வாயாலேயே சொல்லிடுங்க' என்றால் ஒரு நிமிட வேலை. ஆனால் முதல் பக்கத்தைக்கூடத் திறக்கத் தெரியாதவனுக்கு யார் அடுத்த மாதம் வேலை கொடுப்பார்கள்? பாஸ்போர்ட் செல்போனைப் பையில் போட்டார். முதல் பக்கம் அங்கேயும் சுற்றிக்கொண்டிருந்தது.

ஐந்தே காலுக்கு ஒரு கார் வந்து நின்றது. இறங்கிய இரண்டு பேரும், வானத்தில் ஒரு பொட்டு மேகம் இல்லாத அந்தச் சாயங்காலத்தில், முழங்காலுக்குக் கீழே தொங்கும் மழைக்கோட்டு போட்டிருந்தார்கள். பெண் தலையில் துணியைச் சுற்றி முகத்தில் மாஸ்க்கும் மாட்டியிருந்தாள். தூரத்திலிருந்தே கையை ஆட்டினார்கள். மஞ்சள் உடைக்காரியும் இந்த ஜென்மத்தில் முதல் தடவையாகச் சிரித்து, பதிலுக்குக் கையை ஆட்டினாள்.

'வேண்டப்பட்டவங்க. வேடிக்கை பாக்க வந்துட்டாங்க,' என்று பல்லைக் கடித்தார் பாஸ்போர்ட். ஜோடிப் படம் எடுக்கும் இடத்துக்கு வேடிக்கை பார்க்க ஆள் வந்தால் வேலை கெட்டுப்போகும் என்று சீனியர் நூறு தடவை சொல்லியிருக்கிறார்.

"சார், நாங்க..." என்று ஆரம்பித்தார் கோட்டுக்காரர்.

"நிழல் விழுது. தள்ளுங்க."

"இல்ல சார், எங்கள எப்ப..."

"வந்தது வந்தீங்க, இதப் பிடிங்க." வெள்ளித் தாள் ஒட்டிய பெரிய வட்டத் தட்டியை அவர் கையில் திணித்தார். வெயிலை வாங்கி முகத்தில் அடிக்கும் தட்டி அது. "நான் சொல்ற பக்கம் திருப்பணும். மேடம், நீங்க இந்தச் சின்ன ஃபேன வச்சுக்கங்க. அந்த மேடத்தோட தலைமுடி பறக்கணும். நடுவுல பேச்சு வேண்டாம்."

கோட்டுக்காரர் தட்டியைப் பார்த்தார். பக்கத்தில் இருந்த பெண்ணைப் பார்த்தார். அவள் 'சரி, சொல்றபடி செய்யலாம்' என்பதுபோல் தலையாட்டினாள். நல்ல மாதிரி மனிதர்கள். அதற்குப் பிறகு வாயைத் திறக்கவில்லை.

மூன்றாம் பக்கம்: 'காதில் ரகசியம். அவர் சொல்ல, அவள் வெட்கப்பட.'

"எதாவது சொல்லுங்க சார் அவங்க காதுல. எதுவா இருந்தாலும் சரி."

நீலச்சட்டை யோசித்தார். பிறகு குனிந்து, காதுக்கு ஒரு முழம் தள்ளி நின்று, ஏதோ முணுமுணுத்தார். மஞ்சள் உடைக்காரியின் முகம் சிவந்தது. பாஸ்போர்ட் ஆசையாகக் கேமராவைத் தூக்கினார்.

"இத இங்க வந்துதான் சொல்லணுமா?" என்று வெடித்தாள் அவள். "போன மாசமே எழுதிக் குடுத்த லீவு சார் அது! இப்ப இல்லைன்னா என்ன அர்த்தம்?"

"அவர்தான எதாவது சொல்லச் சொன்னார்?"

"உங்களுக்கு வேற எதுவுமே தோணாதா?"

ஒரே ஆபீஸ் போலிருக்கிறது. காதல் விவகாரம். ஆனால் காதல் ஆபீஸிலேயே தங்கிவிட்டது, விவகாரம் மட்டும் ஏரிக்கரைக்கு வந்திருக்கிறது. பாஸ்போர்ட்டுக்கு வேர்த்தது. படம் நன்றாக வராவிட்டால் வேலை போகும் என்றுதான் இதுவரை பயந்துகொண்டிருந்தார். படம் எடுக்கிற இடத்திலேயே ஒரு கல்யாணம் நின்றுபோனால்? ஸ்டுடியோ வாசலில் இரண்டு குடும்பமும் வந்து நிற்குமே!

இந்த அழகில், அந்தப் பக்கம் கோட்டுக்காரர்கள் இரண்டு பேரும் எதையோ சொல்லிச் சிரித்துக்கொண்டிருந்தார்கள். தட்டி குலுங்கியது.

"கொஞ்சம் சீரியஸா இருக்கீங்களா? வாழ்க்கையில ஒரு தடவை வர்ற நாள் இது."

"ஸாரி சார்," என்றார் கோட்டுக்காரர் பணிவாக.

சண்டையை ஆற்றுவதற்காக, முதுகோடு முதுகு சாய்ந்து நிற்கும் படத்தை முன்னால் இழுத்துக்கொண்டார். அதை மட்டும் இரண்டு பேரும் சொல்லிக்கொடுக்காமலே செய்தார்கள். சேர்ந்தாற்போல் இருபது படம். பார்த்தால் வீட்டுக்குக் குறுக்கே சுவர் எழுப்பிக்கொண்ட அண்ணன் தங்கை மாதிரி இருந்தது.

அடுத்தது கைகோத்து நடப்பது. கையைக் கோக்கச் சொன்னார். சுண்டு விரலில் ஆரம்பித்து மோதிர விரல் வரை வந்த நேரத்தில் நீலச்சட்டையின் போன் அடித்தது.

"சொல்லும்மா... ஆமா, அந்தப் பொண்ணோடதான் நிக்கறேன்... கையப் பிடிக்கச் சொல்றாங்க, நான் என்ன செய்யட்டும்? உங்கிட்ட சொல்லிட்டுத்தான வந்தேன்... பெரியவன டியூஷன்ல விட்டுட்டியா? சின்னவனுக்கு மருந்து குடுத்தியா?... சரி, வர்றப்ப பால் வாங்கிட்டு வர்றேன்."

பாஸ்போர்ட்டின் கையில் இருந்த கேமரா ஒரு கணம் ஒரு மூட்டை அரிசியாகக் கனத்தது. பெண்டாட்டி. இரண்டு பிள்ளைகள். போகும்போது பால். இந்த ஆளுக்கா ஜோடிப் படம்!

மஞ்சள் உடைக்காரியைத் தனியாகப் படகுப் பக்கம் அழைத்துப் போனார். "மேடம், சொல்றேன்னு தப்பா எடுத்துக்காதீங்க. உங்க நல்லதுக்குத்தான். அவருக்கு... அவருக்கு ஏற்கெனவே குடும்பம் இருக்கு."

"தெரியுமே. ரெண்டு பசங்க. பெரியவன் நல்லாப் படிப்பான்."

"தெரிஞ்சுமா வந்து நிக்கறீங்க?"

"என்ன சார் பண்றது? எனக்கும் இவரைக் கண்டாலே ஆகாது. மாட்டேன்னு சொன்னா ஆபீஸ்ல தப்பா நினைப்பாங்க. ஒரு சாயங்காலம்தான, பல்லக் கடிச்சுட்டு நின்னுட்டுப் போகலாம்னு வந்தேன்."

"ஒரு சாயங்காலமா?"

"அதுக்கு மேலயுமா நிக்கணும்?" என்று பதறினாள் அவள்.

பாஸ்போர்ட் அவளை அங்கேயே விட்டுவிட்டார். நேரே கோட்டுக்காரரிடம் போனார். "நீங்க அவங்களுக்கு என்ன வேணும்?"

"ஒரே ஆபீஸ் சார்."

"அவருக்கு வீட்ல சம்சாரம் இருக்காங்க. அது உங்களுக்குத் தெரியுமா?"

"தெரியும் சார். அவங்க கையால சாப்பிட்டிருக்கேன். ரொம்ப நல்லாச் சமைப்பாங்க."

"இது தப்புன்னு உங்க யாருக்குமே தோணலையா?"

கோட்டுக்காரருக்கு நிஜமாகவே வருத்தமாகிவிட்டது. "தோணுது சார். வேலை முடிஞ்சு களைப்பா வந்து நிக்கறார். கேட்டவுடனே சரின்னுட்டார். பெரிய மனசு சார் அவருக்கு."

இதற்கு மேல் என்ன கேட்பது? ஆபீஸே கூட்டுச் சேர்ந்து செய்கிற அக்கிரமம். தன் மனைவியின் முகம் அவருக்கு ஞாபகம் வந்தது. நீலச்சட்டையிடம் போய் நின்றார்.

"சார், நான் சின்னவன். ஆனா சொல்லாம இருக்க முடியல. என் வீட்டுக்காரி அஞ்சு நாளா என்னோட சேந்து தூங்காம உக்காந்திருக்கா. வேலை போனாலும் பாத்துக்கலாம், நீங்க சாப்பிடுங்கன்றா. அப்படி ஒருத்தி வீட்ல காத்துட்டிருக்கறப்ப, ஒரு மனுஷன் எங்க நிக்கணும்?"

நீலச்சட்டையின் கண் கலங்கிவிட்டது. "அதத்தான் சார் நானும் சொல்றேன். சீக்கிரம் விட்டீங்கன்னா வீட்டுக்குப் போயிடுவேன்."

மணி ஐந்து ஐம்பத்தைந்து. வெயில் மஞ்சளாகி, ஏரி முழுக்கப் பரவியிருந்தது. படமெடுக்கிறவர்கள் வருடக்கணக்கில் காத்திருக்கும் வெயில். பாஸ்போர்ட் ஒரு தீர்மானத்துக்கு வந்தார். பதினொரு வருடத்தில் எத்தனை ஆயிரம் பாஸ்போர்ட் படம் எடுத்திருக்கிறார்! 'எங்கே போகிறாய், எதற்குப் போகிறாய்' என்று ஒருவரையும் கேட்டதில்லை. அவரவர் பயணம் அவரவருக்கு. அவருக்கு வேண்டியது வேலை.

நாலாம் பக்கம்: 'அவளைத் தூக்கிச் சுற்றுதல். இதுவே ஆல்பத்தின் அட்டைப் படம்.'

"தூக்கறதா?" நீலச்சட்டை இரண்டடி பின்வாங்கினார். "டாக்டர் என்னை அரிசி மூட்டையே தூக்கக் கூடாதுன்னிருக்கார்."

"என்னை மூட்டைங்கறாரா?" என்றாள் மஞ்சள் உடைக்காரி.

"மேடம், சார், ப்ளீஸ்! எண்ணிப் பாத்தா பத்து நிமிஷம்தான் வெளிச்சம் இருக்கு!" பாஸ்போர்ட் அழாத குறையாகக் கோட்டுக்காரர்கள் பக்கம் திரும்பினார். "நீங்க ரெண்டு பேரும் வாங்க. இவங்களுக்கு ஒரு தடவை செஞ்சு காட்டுங்க."

"நாங்களா சார்?" கோட்டுக்காரரின் முகம் மலர்ந்தது. "இப்பவேவா?"

"இப்பவேதான். சும்மா காட்டறதுக்கு. சீக்கிரம்!"

கோட்டுக்காரர் தட்டியைக் கீழே வைத்தார். அந்தப் பெண் மாஸ்க்கை இறக்கினாள். அவர் அவளை இடுப்பில் பிடித்துத் தூக்கி ஒரு சுற்றுச் சுற்றினார். தலைத்துணி அவிழ்ந்து பறந்தது. அவள் தலையைப் பின்னால் சாய்த்து வாய்விட்டுச் சிரித்தாள். வெயில் அவள் கன்னத்திலும் அவர் நெற்றியிலும் ஒரே நேரத்தில் விழுந்தது. பின்னால் ஏரி. சரியாக அந்த நொடியில், யாரோ சொல்லி வைத்ததுபோல், நாலு பறவைகள் தண்ணீரிலிருந்து கிளம்பின.

பாஸ்போர்ட் வாயைப் பிளந்துகொண்டு பார்த்தார். கேமரா அவர் கழுத்தில் தொங்கிக்கொண்டிருந்தது. வேடிக்கை பார்க்க வருவதற்கு இந்தப் பெண் எதற்கு இவ்வளவு மேக்கப் போட்டுக்கொண்டாள் என்றுகூட ஒரு கணம் தோன்றியது. ஆனால் தோன்றியதையெல்லாம் நின்று யோசிக்க ஆறு மணிக்கு மேல் யாருக்கு நேரம் இருக்கிறது?

"பாத்தீங்களா? இதான்! இதேதான்!" என்று மற்ற இருவர் பக்கம் திரும்பினார். "நீங்க இறங்குங்க மேடம், போதும். கோட்டுக்கார சார், தட்டிய எடுங்க. ம், இப்ப நீங்க!"

நீலச்சட்டை கும்பிட்டுவிட்டார். மஞ்சள் உடைக்காரி தொடவே விடவில்லை. கெஞ்சியதில் ஐந்து நிமிடம் போனது. சூரியன் மரத்தின் உச்சியைத் தொட்டது, பாதி மறைந்தது, ஒரு நகக்கண் அளவு மிச்சமிருந்தது. பாஸ்போர்ட்டுக்கு மனைவியும் மறந்தாள், மனைவி சொன்னதும் மறந்தது.

"யாரும் தூக்க வேண்டாம்! பக்கத்துல நில்லுங்க! முகத்தை நேரா வைங்க! சிரிக்காதீங்க! அசையாதீங்க!"

இரண்டு பேரும் உயிர் வந்தவர்களாக நேரே நின்றார்கள். அன்றைக்கு முழுக்க அவர்களுக்குப் புரிந்த ஒரே கட்டளை அதுதான். ஏழு படம் எடுத்தார். ஏழும் ஊசி முனை மாதிரி துல்லியம்.

சூரியன் போயிற்று.

"போதுமா சார்?" என்று நீலச்சட்டை கேட்டார். போதும் என்று சொல்லி முடிப்பதற்குள் அவர் ஒரு ஸ்கூட்டரில் ஒரு பக்கமும், மஞ்சள் உடைக்காரி இன்னொரு ஸ்கூட்டரில் எதிர்ப்பக்கமும் பறந்தார்கள். பாஸ்போர்ட் தலையில் அடித்துக்கொண்டார்.

மேடத்தின் போன் வந்தது.

"நூத்தி நாப்பத்தி மூணு படம் மேடம். ஒண்ணுகூட ஆடல."

"வெளிச்சம்?"

"அருமையான வெளிச்சம் மேடம். கடைசிச் சொட்டு வரைக்கும் விடல."

"நான் உங்கள என்னவோ நினைச்சேன் பாஸ்போர்ட். அப்ப ஒண்ணாம் தேதியிலேருந்து நீங்க அவுட்டோர்."

அவர் பெஞ்சில் உட்கார்ந்துவிட்டார். ஐந்து நாளாக நெஞ்சில் இருந்த கல் இறங்கியது. வீட்டுக்குப் போனதும் அவளிடம் முதலில் இதைத்தான் சொல்ல வேண்டும். 'அசையாதீங்க' விஷயத்தைச் சொல்ல வேண்டியதில்லை.

கோட்டுக்காரர் தட்டியை ஒழுங்காக மடித்து எடுத்துக்கொண்டு வந்தார். பாவம், சொன்ன வேலையை மறுபேச்சில்லாமல் செய்தவர். அந்தப் பெண்ணும் ஃபேனைத் துடைத்துப் பெஞ்சில் வைத்தாள். பிறகு இரண்டு பேரும் கோட்டுப் பொத்தான்களை ஒவ்வொன்றாகக் கழற்றினார்கள். உள்ளே அவருக்கு நீல நிறத்தில் பளபளவென்று புத்தம்புது சூட்டு. அவளுக்கு மஞ்சளில், தரையைத் தொடும் பட்டுக் கவுன்.

தலைமுடியைச் சரிசெய்துகொண்டு, மெல்லிய கூச்சத்தோடு கோட்டுக்காரர் கேட்டார்:

"சார், எங்க உயரத்துல, எங்க டிரஸ் கலர்ல ரெண்டு பேர அரை மணி நேரம் லைட் டெஸ்டுக்கு அனுப்புங்க, கூப்பிடற வரைக்கும் பொண்ணு மாப்பிள்ளை குறுக்க பேசக் கூடாதுன்னு முதல் பக்கத்துல போட்டிருந்தீங்களே, டெஸ்ட் முடிஞ்சுதுன்னா இப்ப நாங்க வந்து நிக்கலாமா?"